பாப்பாவின் வாரங்கள்

டுலூத்
மே 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

கைசா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். இந்தத் தடவை “எல்லோரும்” என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. ஏனென்றால் இந்த வீட்டில் நானும் லெஸ்டரும் மட்டும் இல்லை. மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறது!

ஆமாம் அண்ணா, ஆமாம்! நாற்பது வயதில்! முன்னால் இரண்டு தடவை பட்டது போதும் என்று மூன்று மாதம் தாண்டும்வரை வாயையே திறக்கவில்லை. நேற்று டாக்டர் அம்மா இதயத் துடிப்பைக் கேட்க வைத்தாள். லெஸ்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்று அழுதுவிட்டு, கண்ணில் தூசி என்று சொல்கிறார். நவம்பர் கடைசியில் பிறக்கும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ “ம்”, “ம்” என்பதோடு சரி. கடிதத்தில்தான் உனக்கு வாய் வரும்.

ஆலையில் ரோண்டாவிடம் போய் விடுப்பு விவரம் கேட்டேன். ரொட்டி ஆலையில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சம்பளமும் விடுப்பும் பார்ப்பவள், வாய் கொஞ்சம் நீளம். “இங்க பாரு கைசா, உனக்கு ரெண்டு எடத்துலேருந்து வரும். ஒண்ணு கம்பெனி எடுத்து வச்சிருக்கிற இன்சூரன்ஸ். உடம்பு முடியாமப் போனாலோ, பிரசவம் ஆனாலோ, கொஞ்ச காலத்துக்குச் சம்பளத்துல ஒரு பங்கு குடுப்பான். இன்னொண்ணு இந்த வருஷம் மாநிலம் புதுசா ஆரம்பிச்சிருக்கிற சம்பள விடுப்பு. அதுல உன் உடம்புக்குப் பன்னெண்டு வாரம், குடும்பத்தைப் பாத்துக்கப் பன்னெண்டு வாரம். ஆனா ரெண்டும் சேந்து வருஷத்துக்கு இருபதைத் தாண்டக் கூடாது” என்றாள்.

“அப்போ ரெண்டு பக்கமும் வாங்கிக்கலாமா?”

“ஆசையப் பாரு! மாநிலம் குடுக்கறதைக் கழிச்சுட்டு மிச்சத்தைத்தான் இன்சூரன்ஸ்காரன் குடுப்பான். அதுவும் உன் உடம்புக்கு மட்டுந்தான். புள்ளையக் கொஞ்சறதுக்கெல்லாம் அவன் தர மாட்டான், அது மாநிலத்தோட வேலை.”

எப்படியோ, பனிக்காலம் பாதிக்கு மேல் குழந்தையோடு வீட்டில் இருப்பேன் அண்ணா! நினைத்தாலே துள்ளுகிறது.

உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மார்ச்சில் கப்பலேறும்போது நொண்டிக்கொண்டே போனாய், நான் பார்த்தேன். மறைக்காமல் எழுது.

உன் தங்கை,
கைசா


டெட்ராய்ட் ஆறு, கப்பலில்
ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

ஆர்வோ எழுதுவது. நான் சுகம். நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும்.

அஞ்சல் படகு பக்கத்தில் வந்ததும் வழக்கம்போல் வாளியைக் கயிற்றில் இறக்கினோம். உன் கடிதம் மேலே வந்தது. சுக்கான் அறையில் பிரித்துப் படித்து நான் போட்ட கூச்சலில் கேப்டன், கரையில்தான் மோதிவிட்டோம் என்று ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும், “அடப்பாவி, மாமன் ஆகப்போறவன் கப்பலை நேரா ஓட்டுய்யா” என்றார்.

சமையற்காரி பெர்னிஸ் அன்றைக்கே நம் ஃபின்லாந்து ஏலக்காய் ரொட்டி சுட்டாள். நீ சுடுவதில் பாதி ருசிகூட இல்லை. அதை அவளிடமே சொன்னேன், மறுநாள் எனக்குக் கருகிய முட்டை வந்தது. குழந்தை எவ்வளவு எடை இருக்கும் என்று கப்பல் முழுக்கப் பந்தயம் கட்டுகிறார்கள். தோற்பவன் ஜெயிப்பவனுக்கு ஒரு வாரம் துணி துவைக்க வேண்டும்.

இடுப்பு உனக்கு வணக்கம் சொல்கிறது. வேறு விசேஷம் இல்லை.

இங்கே ஒருவர் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார். குடும்பத்தைப் பார்க்க என்று மாநிலம் தருகிற அந்த வாரங்கள் குழந்தைக்கு மட்டும்தானா? கூடப்பிறந்தவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் எடுக்கலாமா? அவருக்கு உன் ஊரில் ஒரு தங்கை இருக்கிறாளாம். ரோண்டாவிடம் கேட்டு எழுது, அவசரம் ஒன்றும் இல்லை.

உன் அண்ணன்,
ஆர்வோ


டுலூத்
ஜூன் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம், சுகம், சுகம். மூன்று பேருக்கும் சேர்த்து எழுதிவிட்டேன்.

உன் கூட்டாளியின் சந்தேகத்தை ரோண்டாவிடம் கேட்டேன். கூடப்பிறந்தவர்களுக்கும் எடுக்கலாமாம். ஆனால் அதுவும் அதே பானையிலிருந்துதான். “அண்ணனுக்கு நாலு வாரம் எடுத்தா புள்ளைக்கு நாலு வாரம் கொறையும், அவ்வளவுதான் கணக்கு” என்றாள். அவரிடம் சொல்லிவிடு. அந்தத் தங்கைக்கும் குழந்தை பிறக்கப்போகிறதா என்ன?

எனக்குப் பசி அண்ணா! அப்படி ஒரு பசி! நேற்று லெஸ்டரின் தட்டிலிருந்து மீனை எடுத்துத் தின்றுவிட்டேன். அவர் அடுப்பில் இன்னொரு துண்டு போட்டார். இப்போதே பனி அள்ளும் வண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார், ஜூன் மாதத்தில்! பனி விழ ஆரம்பித்தால் நகரசபை அவரை ஒரு நாள்கூட விடாது. அதனால் பனிக்காலத்தில் நீ வந்ததும் குழந்தையைத் தூக்குவது உன் வேலை. மாடி அறையை உனக்காகக் காலி செய்கிறேன்.

கைசா


மார்க்வெட் தாதுத்துறை
ஜூலை 22

அன்புத் தங்கைக்கு,

நான் நலமே. உன் பசி நாளுக்கு நாள் வளரட்டும்.

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் என் சோம்பல்தான் காரணம்.

சொல்ல வந்தது இதுதான். இந்தப் பனிக்காலம் என்னால் வர முடியாது. ஏரி உறைந்ததும் கப்பல் டொலீடோவில் நிற்கப்போகிறது. அதற்குக் காவலாக ஒருத்தர் உள்ளேயே தங்க வேண்டும், நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். மாடி அறையில் குழந்தைத் தொட்டிலைப் போடு. வெளிச்சம் நன்றாக வரும்.

நீ எவ்வளவு எடை என்று பந்தயம் கட்டுகிறாய்? நான் ஒன்பது பவுண்டு என்றிருக்கிறேன். நம் வீட்டுக் குழந்தை அல்லவா!

ஆர்வோ


டுலூத்
ஆகஸ்ட் 25

அண்ணாவுக்கு,

குழந்தை சுகம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பயப்படாதே. எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. பிரசவம் வரைக்கும் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டாள் டாக்டர். ஆலைக்குப் போகக் கூடாது, குனியக் கூடாது, கோபப்படக் கூடாது. கடைசிதான் கஷ்டம், ஏனென்றால் உன் ஜூலைக் கடிதம் கையில் இருக்கிறது.

டொலீடோவாம், காவலாம்! இருபது வருஷமாக எந்தக் கப்பலுக்கும் காவல் இருக்காதவனுக்கு, எனக்குக் குழந்தை பிறக்கும் வருஷத்தில்தான் காவல் காக்கத் தோன்றியதா? ஒரு வாரமாக உன்மேல் கோபம். இன்றைக்குக் குழந்தை உதைத்தது, அதனால் பாதி போயிற்று.

இப்போது என் சாமர்த்தியத்தைக் கேள். இந்தப் படுக்கைக் காலத்துக்கு மாநிலத்திடம் நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் என் உடம்புக்கான பன்னிரண்டு வாரமும் குழந்தை பிறப்பதற்கு முன்பே தீர்ந்துவிடும். அப்புறம் இருபதில் மிச்சம் எட்டுதான், ஜனவரி நடுவில் குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டு ரொட்டி அடுக்கப் போக வேண்டும். அதனால் இப்போதைக்கு இன்சூரன்ஸ் மட்டும். மாநிலத்தின் வாரங்களைத் தொடாமல் வைத்திருந்து, பிறந்த பிறகு எடுப்பேன். ரோண்டா தலையில் அடித்துக்கொள்கிறாள். “உங்க ஃபின்லாந்துக்காரங்க திமிர் இருக்கே!” என்கிறாள். நம் அப்பாவைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ.

நலமாக இரு. கோபம் இருந்தாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

கைசா


டெட்ராய்ட் ஆறு
செப்டம்பர் 8

என் அன்புத் தங்கைக்கு,

அசையாமல் படு. லெஸ்டர் சமைப்பதைக் குறை சொல்லாமல் சாப்பிடு.

உனக்கு ஒரு நல்ல செய்தி. இந்த வருஷம் முதல் தடவையாக டுலூத்தில் இரும்புத் தாது ஏற்ற வருகிறோம்! பத்தொன்பதாம் தேதி, மத்தியானத்துக்கு மேல். உன் ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி ஊதச் சொல்லிக் கேப்டனிடம் கேட்டிருக்கிறேன். மூன்று நீளம், இரண்டு குட்டை. முதலாளிகளுக்கு ஊதுகிற ஊதல், இந்தத் தடவை உன் வயிற்றுக்குள் இருக்கிறவருக்கு.

வாரங்களைச் சேர்த்து வைத்தது நல்ல காரியம். ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்காதே. எல்லாம் குழந்தைக்கு.

ஆர்வோ


டுலூத்
செப்டம்பர் 28

அண்ணாவுக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன், ஆனால் மனசு சரியில்லை.

ஜன்னலோடு நிற்பேன் என்றா நினைத்தாய்? டாக்டரிடம் கெஞ்சி, லெஸ்டர் காரில் பின் சீட்டில் படுத்தபடி துறைமுகக் கால்வாய்க்கு வந்தேன். தூக்குப் பாலம் மேலே போனதும் உன் கப்பல் உள்ளே வந்ததே, அப்பா! ஊதல் ஊதியதும் வயிற்றுக்குள் ஒரே குதி! சுற்றுலா வந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். “எங்க அண்ணன்! எங்க அண்ணன்!” என்று கத்தினேன். மேலே சுக்கான் அறைக்கு வெளியே நின்று தொப்பியை ஆட்டினாய்.

அப்புறம் தாதுத்துறைக்கே போய்க் காத்திருந்தோம். உன் ஆட்கள் ஒவ்வொருவராக ஏணியில் இறங்கி வந்தார்கள். நீ வரவில்லை. லெஸ்டர் வாசலில் போய்க் கேட்டதற்கு, உனக்கு வேலை முறை என்றார்கள். தாது ஏற்றி முடிய எத்தனை நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும் அண்ணா. அவ்வளவு நேரத்திலும் பத்து நிமிஷம் இறங்கி வந்து என்னைப் பார்க்க முடியவில்லையா? நான் உனக்கு என்ன செய்தேன்?

போகட்டும். சிரிக்க ஒரு விஷயம். இன்சூரன்ஸ் பணம் வந்தது. பிரித்தால் சுண்டைக்காய்! மாநிலம் கொடுக்காத பணத்தைக் கொடுத்ததாக வைத்துக் கழித்திருக்கிறார்கள்! ரோண்டாவைப் போனில் பிடித்துக் கத்தினேன்.

“நீ கேட்டியா கேக்கலியாங்கிறது அவனுக்கு எதுக்கு? உனக்குக் கெடைக்க வேண்டியதுன்னு இருந்தா கழிப்பான். பாலிசியில அப்படித்தான் இருக்கு. அன்னிக்கே சொன்னேன், நீ எங்க கேட்ட? இப்பவாவது மாநிலத்துக்கு எழுதிப் போடு.”

“போட மாட்டேன்!”

“ஏண்டி?”

“பணம்தானே போச்சு? வாரம் என்கிட்டதானே இருக்கு?”

காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. அப்புறம், “இருக்குதான்” என்றாள். லெஸ்டருக்கும் சம்மதம்தான். மான் வேட்டை சீசன் வருகிறது, இறைச்சிக்குப் பஞ்சமில்லை என்கிறார்.

இதற்காவது பதில் போடு.

கைசா


கப்பலில், ஹியூரான் ஏரி
அக்டோபர் 20

கைசா கண்ணு,

என்னைத் தெரியாது உனக்கு. நான் பெர்னிஸ், உங்க அண்ணன் கப்பல்ல சமைக்கிறவ. உடம்பப் பாத்துக்கிட்டு நல்லா இருக்கியா? எனக்குப் பேசற மாதிரிதான் எழுத வரும், கோவிச்சுக்காத.

உங்க அண்ணன் ஒரு மடையன். இதைச் சொல்லத்தான் எழுதறேன்.

ஜூலை மாசம் மார்க்வெட்ல ஏணியிலேருந்து விழுந்துட்டான். இடுப்பு மூட்டு முன்னாடியே தேஞ்சு போயிருந்துச்சு, இப்ப சுத்தமா போச்சு. மாத்திதான் ஆகணுமாம். கேப்டனும் மத்தவங்களும் அவனைச் சுக்கான் அறையவிட்டு நகர விடறதில்ல. சாப்பாட்டை நாந்தான் தட்டுல வச்சு மேல தூக்கிட்டுப் போறேன். டுலூத்துல நீ கார்ல படுத்துக் கெடந்தப்ப, உன்னை அங்கேருந்து பாத்துக்கிட்டே நின்னான். ஏணியில எறங்க முடியாது கண்ணு அவனால. ராத்திரி சாப்பிடவே இல்ல.

டொலீடோ, காவல் எல்லாம் பொய். கப்பல் நிக்கப்போறது சுப்பீரியர்ல. உங்க ஊர்ப் பாலத்தைத் தாண்டினா அந்தப் பக்கம்! அங்கேயே ஜனவரி பத்தொம்போது ஆபரேஷனுக்கு நாள் வாங்கிருக்கான். சங்கத்துல அவனுக்குச் சம்பளம் பாத்துக்குவாங்க, அதுல கவலை இல்ல. ஆனா வீட்டுல கூட ஆள் இருந்தாத்தான் ஆஸ்பத்திரியில வெட்டுவாங்களாம். துணைக்கு ஆள்னு என் பேரைக் குடுத்திருக்கான், எனக்கே தெரியாம! ஆஸ்பத்திரிக்காரங்க எனக்குப் போன் பண்ணாங்க. நான் ஜனவரியில என் மக வீட்டுக்கு ஃப்ளோரிடா போறவ. அவன் ஏதோ விடுதியில ரூம் எடுத்துத் தனியாக் கெடக்கப் பாக்கறான்.

“தங்கச்சிகிட்ட சொல்லுடா”ன்னேன். “சொன்னா லீவைத் தூக்கி எனக்குக் குடுத்துடுவா. பாப்பாவோட வாரத்தை நான் தின்ன மாட்டேன்”ங்கிறான். மொதல் ரெண்டைப் பறிகொடுத்தவ, இதையாவது மடியில வச்சிருக்கட்டும்னு சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். எனக்கு அழுகையா வந்துச்சு.

நான் எழுதினேன்னு சொல்லாத. சொன்னாலும் பரவால்ல. எடை ஏழு பவுண்டுன்னு நான் கட்டிருக்கேன், பாத்துப் பெத்துக்க.

பெர்னிஸ்


டுலூத்
டிசம்பர் 1

அன்புள்ள மடையனுக்கு,

சுகம்! சுகம்! சுகம்!

நவம்பர் இருபத்திரண்டு விடியற்காலை, முதல் பெரிய பனிப்புயலில், லெஸ்டரின் பனி அள்ளும் வண்டி முன்னால் வழி வெட்டிக்கொண்டு போக, அதன் பின்னால் ஆம்புலன்ஸில் போனேன். ஊரிலேயே என் பெண்ணுக்குத்தான் இப்படி ஊர்வலம்! பெண் அண்ணா, பெண்! பெயர் சில்வி. தலை நிறைய முடி. குரல் உன் கப்பல் ஊதலுக்குக் குறைவில்லை. எடை ஏழு பவுண்டுக்கு ஒரு துளி மேல். பெர்னிஸுக்கு நீ துணி துவை.

ஆமாம், பெர்னிஸ் எழுதினாள். அக்டோபரிலேயே தெரியும். படித்த அன்றைக்கே உன்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன், கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் பிழைத்தாய். ஐந்து வாரமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன், வாங்கிக்கொள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடப்பாயா நீ? ஏணியில் விழுந்தவன் படுத்துக்கொண்டு “சோம்பல்” என்று எழுதுவாயா? துறையில் உன்னைக் காணாமல் நான் எத்தனை நாள் அழுதேன் தெரியுமா? உன்னைத் திட்டிக்கொண்டே அழுதேன், இப்போது அதற்கும் சேர்த்து அழுகிறேன்.

உனக்குச் சுக்கான் பிடிக்கத் தெரியும், கணக்குத் தெரியாது. கேள். இந்த ஆறு வாரமும் என் உடம்பு தேற. அது ஜனவரி ஆரம்பத்தில் முடியும். படுக்கையில் கிடந்தபோது மாநிலத்தைத் தொடாமல் விட்டேனே, அதனால் குடும்பத்துக்கான பன்னிரண்டும் அப்படியே இருக்கிறது. மார்ச் கடைசி வரைக்கும் நான் வீட்டில்தான்! அன்றைக்குச் சுண்டைக்காய் பணம் வாங்கிக்கொண்டு திமிராக உட்கார்ந்ததற்கு இன்றைக்குப் பலன். எழுதிப் போட்டிருந்தால் உன்னை வெட்டுகிற அன்றைக்கு நான் ஆலையில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருப்பேன்.

உனக்கென்று அதில் ஒரு வாரம்கூட எடுக்க மாட்டேன். போதுமா? பன்னிரண்டும் சில்விக்குத்தான். அவளைக் கொஞ்சத்தான் நான் வீட்டில் இருக்கப்போகிறேன். அந்த வீட்டின் கீழறையில் கட்டிலில் இன்னொருவர் கிடந்தால் யாருக்கு என்ன? ரோண்டாவிடமும் கேட்டுவிட்டேன்.

“புள்ளைய மடியில வச்சுக்கிட்டு அண்ணனுக்குக் கஞ்சி ஊத்தினா வாரம் கொறையுமா?”

“ஒரே வீட்டுல இருந்தா எதுக்குடி கொறையுது! உங்க வீட்டுல அறிவு உனக்கு மட்டுந்தானா?” என்றாள்.

கட்டில் கீழே இறக்கியாகிவிட்டது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்துவிட்டார் லெஸ்டர். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பெர்னிஸ் பெயரை அடித்துவிட்டு என் பெயரைக் கொடுத்தேன். இனி உன்னிடம் கேட்பதாக இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் இரண்டைப் பறிகொடுத்தவள் என்று சொன்னாயாம். மூன்றாவதாக உன்னையும் பறிகொடுக்க வைக்கப் பார்த்தாயே அண்ணா, அது நியாயமா?

உன் தங்கை,
கைசா


சூ மடைவாயில், கப்பலில்
ஜனவரி 9

அன்புள்ள கைசாவுக்கும், லெஸ்டருக்கும், சில்விக்கும்,

நான் நலமில்லை. இப்படி எழுதி எனக்குப் பழக்கமில்லை. இடுப்பு உயிரை எடுக்கிறது. ஜூலையிலிருந்து வலிக்கிறது. எழுதிவிட்டேன், பார்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். நாலிலும் “வேண்டாம்” என்றுதான் ஆரம்பித்தேன். கடைசியில் பெர்னிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, “காகிதத்துக்குக் கேடு. ‘வர்றேன்’னு எழுதுடா, ஒத்தை வார்த்தைதானே” என்றாள்.

வருகிறேன்.

நியாயமில்லைதான். நீ கேட்டதற்கு வேறு பதில் என்னிடம் இல்லை. குழந்தையின் வாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று உன்னைத் தவிக்கவிட்டேன். துறையில் உன் கார் கண்ணாடியில் உன் கை தெரிந்தது. இறங்க முடியாது என்று ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம், வாய் வரவில்லை. போனில் மட்டுமில்லை கைசா, எனக்கு நேரிலும் வாய் வராது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டுலூத் கால்வாய்க்குள் வருகிறோம், இந்த சீசனுக்குக் கடைசி. மூன்று நீளம், இரண்டு குட்டை. சில்வி பயந்து அழுதால் மாமன்தான் என்று சொல். நான் இறங்குவதற்கு ஏணி ஆகாது. அதனால் சாமான் ஏற்றுகிற கூடையில் உட்காரவைத்து இறக்கப்போகிறார்கள். கப்பலில் ஒரு பயலுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெர்னிஸ் படம் எடுக்கப்போகிறாளாம். அவள் துணியை எல்லாம் துவைத்தாகிவிட்டது.

லெஸ்டரைக் கீழே வந்து பிடித்துக்கொள்ளச் சொல். நீ காரிலேயே இரு. குழந்தையைக் கொண்டு வராதே, துறையில் காற்று கிழிக்கும்.

இல்லை, கொண்டு வா. நன்றாகப் போர்த்திக் கொண்டு வா.

ஆர்வோ